சிவப்புத் துணி கட்டிய மருந்து டேங்க்

மொட்டைமாடிக் கதவைத் திறந்தவளுக்கு முதலில் கண்ணில் பட்டது கணவனின் சிரிப்பு. அடுத்தது, அவன் தோளிலிருந்து இறக்கி வைத்திருந்த மருந்து டேங்க். அதன் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது.

"நாப்பத்து மூணு தொட்டிக்கும் அடிச்சாச்சு," என்றான். "உன் சின்ன பாட்டிலை வச்சிக்கிட்டு நீ புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிக்கிற வேகத்துக்கு, மாவுப்பூச்சி பேரன் பேத்தியே எடுத்துடும்."

"இது யாரோட டேங்க்?"

"வாட்ச்மேனோடது. அவர் சாப்பிடப் போயிருந்தார், எடுத்துட்டு வந்தேன். ஏன்?"

அவள் அந்தத் துணியை மறுபடியும் பார்த்தாள். மாதம் ஒருமுறை வாட்ச்மேன் அந்த டேங்கை மாட்டிக்கொண்டு வண்டி நிறுத்தும் இடத்தைச் சுற்றி நடப்பார். பத்தாம் நாள் அங்கே புல் பூண்டு இருக்காது. உள்ளே களைக்கொல்லி என்று மற்றவர்களுக்குத் தெரியத்தான் அந்தத் துணி. கை வழுக்காமல் இருக்கக் கட்டியது என்று இவன் நினைத்திருந்தான்.

"கழுவினீங்களா?"

"அடியில ஒரு சொம்பு தண்ணி கிடந்துச்சு. மாடியில ஒரு சொட்டு வீணாக்கினாலும் நீ உயிரை வாங்குவியே. அதுலயே வேப்பெண்ணெயையும் சோப்பையும் கலந்துட்டேன்."

அவள் கைப்பையைத் தரையில் வைத்தாள்.

"அது களைக்கொல்லி. அடிக்க ஆரம்பிச்சது எத்தனை மணிக்கு?"

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. "என்ன சொல்ற?"

"ஆரம்பிச்சது எப்போ, முடிச்சது எப்போ? எந்தப் பக்கத்துலேருந்து ஆரம்பிச்சீங்க?"

"என்கிட்ட அந்தக் குரல்ல பேசாத," என்றான்.

அந்தக் குரல் அவளுடைய பிழைப்பு. ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் பதினோரு வருடமாக ஃபோன் எடுக்கிறாள். மறுமுனையில் யார் அலறினாலும் அவள் குரல் ஏறாது, இறங்காது. எங்கே, எத்தனை பேர், மூச்சு இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்பாள். கூட வேலை பார்ப்பவர்கள் அவளை ஐஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் அந்தக் குரலை வீட்டு வாசலோடு விட்டுவிட்டு வரச் சொல்லியிருந்தான். அவளும் பெரும்பாலும் விட்டுவிட்டுத்தான் வந்தாள்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒருவன் அழைத்தான். குளியலறையில் மனைவி விழுந்து கிடந்தாள். மார்பை அழுத்தச் சொல்லி, கூடவே பதினோரு நிமிடம் எண்ணினாள். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "வந்துட்டாங்க" என்றான். இணைப்பு அறுந்தது. அவ்வளவுதான். அந்த வேலையில் முடிவு தெரியாது. விசாரிக்கக் கூடாது என்பது விதி, விசாரிக்க நேரமும் இருக்காது, அடுத்த அழைப்பு வந்துவிடும். எத்தனையோ பேரை அப்படிப் பாதி வழியில் விட்டிருக்கிறாள். அந்த ஒருத்தி மட்டும் மனதை விட்டுப் போக மறுத்தாள். சாப்பாடு இறங்கவில்லை. பல் தேய்க்கும்போதுகூட எண்ணிக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலிக்காரி ஒருநாள் காகிதத்தில் ஐந்து அவரை விதைகளை மடித்து நீட்டினாள். "ஊன்றி வை. வேற ஒண்ணும் கேக்காத." மூன்று முளைத்தன. ஒன்று அழுகியது. ஐந்தாவது வரவேயில்லை. தோண்டிப் பார்த்தாள். எறும்பு தின்று விட்டுப்போன தோல் இருந்தது. அதைப் பார்த்த அன்றைக்குத்தான் பல நாள் கழித்து அவளுக்கு நன்றாகப் பசித்தது. அதற்குப் பிறகுதான் மாடியில் தொட்டிகள் பெருகின.

"ஒரு மணிக்கு ஆரம்பிச்சேன்," என்றான் கணவன். "ஒண்ணே முக்காலுக்கு முடிச்சேன். தண்ணித் தொட்டிப் பக்கத்துலேருந்து."

இப்போது இரண்டே முக்கால். அவள் வாட்ச்மேனுக்கு ஃபோன் செய்தாள்.

"களைக்கொல்லி டப்பாவுல என்ன போட்டிருக்குன்னு படிங்க."

"கண்ணாடி வீட்ல இருக்கும்மா."

"டப்பாவைத் தள்ளிப் பிடிச்சுப் படிங்க. மழைன்னு எங்கயாவது போட்டிருக்கா?"

மூச்சு வாங்கும் சத்தம். பிறகு எழுத்துக் கூட்டும் சத்தம். தெளித்த ஆறு மணி நேரத்துக்குள் மழை பெய்தால் மருந்து வேலை செய்யாமல் போகலாம் என்று போட்டிருந்தது. விற்பவன் எச்சரித்ததை அவள் தலைகீழாகப் பிடித்துக்கொண்டாள்: மழை கெடுக்குமென்றால் ஹோஸ் தண்ணீரும் கெடுக்கும்.

"ஹோஸை மாட்டுங்க. வெறும் தண்ணி. சோப்பு விஷத்தை இன்னும் ஒட்ட வச்சிடும். இலைக்கு அடியிலயும் அடிங்க. தக்காளி, கத்திரி, அவரை முதல்ல. இலை தடியா இருக்கிறது எல்லாம் கடைசி."

"ரோஜா?"

"அப்புறம்."

"ஒண்ணரை வருஷமா வச்சிருக்கேன்னு சொல்லுவியே."

"அப்புறம்னு சொன்னேன்."

மாடித் தோட்டத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டு வாளித் தண்ணீர் என்பது குடியிருப்புச் சங்கத்தின் கட்டளை. கால் மணி நேரத்தில் தண்ணீர் படி வழியாக மூன்றாம் மாடிக்கு இறங்கியது. அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே சங்கச் செயலாளர் மேலே ஏறி வந்தார்.

"என்னம்மா இது, கப்பல் விடப் போறீங்களா? குளிக்கத் தண்ணி இல்லாம அவனவன் அல்லாடுறான்."

"இன்னும் இருபது நிமிஷம் சார். நீங்க அந்த மிதியடி மேல நில்லுங்க, வழுக்கும். அதுக்கப்புறம் என்ன கேட்டாலும் பதில் சொல்றேன்."

செயலாளர் எதையோ சொல்ல வாயெடுத்து, மிதியடி மேல் போய் நின்றார். கணவன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தான்.

மூன்றரைக்கு மேல்தொட்டி காலியாகித் தண்ணீர் நின்றது. கடைசி இரண்டு ரோஜாவுக்கும் எட்டவில்லை.

காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. களைக்கொல்லி அவசரப்படாது. இலை பச்சையாகவே நின்று, ஒரு வாரத்தில் மஞ்சளாகும் என்று அவளுக்குத் தெரியும். காலையும் மாலையும் ஏறிப் பார்த்தாள். மூன்றாம் நாள் ஒன்றுமில்லை. ஐந்தாம் நாளும் ஒன்றுமில்லை. கணவன் அவளுக்கு முன்பே எழுந்து மாடிக்குப் போய்க்கொண்டிருந்தான். "அடிச்சவன் நான், பார்த்துக்கறவனும் நானாவே இருக்கேன்" என்றான். ஏழாம் நாள் அவளுக்குச் செடிகள் கொஞ்சம் இளைத்தாற்போலத் தோன்றியது. மஞ்சள் மட்டும் இல்லை. வேலையிடத்தில் முதல்முறையாக, "தப்பிச்சுட்டுதுன்னு நினைக்கிறேன்" என்றாள். அன்று இரண்டு அழைப்புகளுக்கு நடுவே தேநீரை ஆறவிடாமல் குடித்தாள்.

எட்டாம் நாள் அவளுக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே விழிப்பு வந்துவிட்டது. செருப்புப் போடாமல் ஏறினாள். அவன் கத்திரிச் செடி முன்னால் குந்தியிருந்தான். ஒரு கையில் பிளாஸ்டிக் பை. மறு கை இலை இலையாகக் கிள்ளிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தது. எல்லாம் மஞ்சள்.

அவன் திரும்பினான். பையை மறைக்க இடமில்லை.

"எத்தனை நாளா?"

"நாலு."

"தினமும் எனக்கு முன்னாடி வந்து கிள்ளிட்டுப் போயிருக்கீங்க."

"நீ நல்லாத் தூங்கினே. பழையபடி எண்ண ஆரம்பிச்சிடுவியோன்னு பயந்தேன். நான் பண்ணின தப்புக்கு நீ ஏன்..."

"நாள் முழுக்க யாருக்கு என்னாச்சுன்னு தெரியாம வீட்டுக்கு வரேன்," என்றாள். குரல் ஏறியது. அவன் அதைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. "இங்க மட்டும்தான் எனக்குத் தெரியும். செத்தா செத்ததைக் காட்டுங்க. அதையும் எடுத்துட்டா எனக்கு எதுக்கு இந்த மாடி?"

அவன் பையைத் தரையில் கவிழ்த்தான். படிக்குப் பக்கத்திலிருந்த அட்டைப்பெட்டிக்குப் பின்னாலிருந்து இன்னும் மூன்று பைகளை எடுத்து வந்து அவற்றையும் கவிழ்த்தான். அவள் ஒவ்வொரு பிடியாக எடுத்துக் கேட்டாள்.

"இது?"

"தக்காளி. சுவரோரம் இருக்கே, மூணாவது."

"இது?"

"மிளகாய். உடைஞ்ச தொட்டி. அதுல பாதிதான் போயிருக்கு."

ஒன்றைக்கூட அவன் மாற்றிச் சொல்லவில்லை. பிறகு இருவரும் தொட்டி தொட்டியாக நடந்தார்கள். முதலில் கழுவியவற்றில் முக்கால்வாசி நின்றிருந்தன. தண்ணீர் எட்டாத இரண்டு ரோஜாக்களில் புதுத் துளிர் ஊசி ஊசியாகச் சுருண்டிருந்தது. கத்திரி ஒன்பதில் நான்கு இனித் தேறாது. அவன் கிள்ளிக்கொண்டிருந்தது ஐந்தாவது. உச்சியில் இரண்டே இலைகள் மிச்சம்.

"பிடுங்கிடவா?" என்றான்.

"வேண்டாம். தண்ணி ஊத்துங்க."

"போகப் போறதுக்கா?"

"இன்னும் போகலை."

அவள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அந்தத் தொட்டி முன்னால் உட்கார்ந்தாள். வேலைக்குக் கிளம்ப இன்னும் அரைமணி நேரம் இருந்தது. அவன் குவளையில் தண்ணீர் கொண்டுவந்து வேரைச் சுற்றி மெதுவாக ஊற்றினான்.

"எத்தனை நாள் தாங்கும்?"

"தெரியலை," என்றாள். "பார்த்துக்கிட்டே இருப்போம்."

அவன் இன்னொரு வாளியைத் தேடிப் போனான்.