யாருக்குப் பியாசா?

அம்மாவுக்குச் சிறுநீரகம் மாற்றி இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. உடல் அதை நிராகரிக்காதிருக்க அவர் உட்கொள்ளும் மாத்திரைகள் வெள்ளணுக்களையும் அடக்கிவிடும். கிருமி புகுந்தாலும் காய்ச்சல் வராமல் போகலாம். அதனால் ஒவ்வொரு பரிசோதனையிலும் வெள்ளணு எண்ணிக்கையை நான் குறித்துவைத்தேன். அது நான்காயிரத்தைத் தாண்டியதே இல்லை.

ஒருநாள் அம்மா குளிரெடுத்து நடுங்கினார். கிள்ளானில் வீட்டருகே இருந்த கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள். எண்ணிக்கை ஒன்பதாயிரம்.

"பியாசாதான் மா. காய்ச்சலும் இல்லையே," என்றார் டாக்டர்.

மலாய் மொழியில் அச்சொல்லுக்கு இயல்பு என்றும் வழக்கம் என்றும் பொருள்.

"யாருக்குப் பியாசா, டாக்டர்? மத்தவங்களுக்கு இருக்கலாம், அம்மாவுக்கு எப்பவும் நாலாயிரந்தான்."

"தமிழ் படிக்கிற புள்ளைன்னு அம்மா சொன்னாங்க. அதான் ஒரு வார்த்தைய புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க."

அம்மாவும் அவரோடு சிரித்தார். அந்தச் சிரிப்பு தந்த காயம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நேராகக் கோலாலம்பூர் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். கிருமித்தொற்றைக் காட்டும் சி.ஆர்.பி. அங்கே பல மடங்கு ஏறியிருந்தது. அன்றே ஊசிமருந்து தொடங்கினார்கள், சிறுநீரகம் தப்பியது.

நான்காம் நாள் அம்மா கட்டிலில் இருந்தபடி பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் சித்தியிடம் கைப்பேசியில் சொன்னார்: "ஒண்ணும் இல்லடி, எல்லாம் பியாசாதான்."

கைப்பேசியைப் பிடுங்கி, நடந்ததை எண்களோடு நானே சொன்னேன்.