ஆய்வு வயலில் யூரியா

பழவேற்காட்டு மீன்கழிவை மக்கவைத்துப் போட்டால், ரசாயன உரமில்லாமல் ஏரிக்கரை உவர்நிலத்தில் நெல் விளையுமா என்று ஆரம்பாக்கத்தில் சோதித்துக்கொண்டிருந்தேன். நிதி கேட்டு ஏழெட்டு மனு போட்ட பிறகு, எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு அதிகாரி வயலைப் பார்க்க வந்தார். பயிர் கரும்பச்சையாக நின்றது. "பிரமாதம், சிபாரிசு பண்றேன்" என்றார்.

எனக்கு நிலத்தைச் சும்மா கொடுத்திருந்த விவசாயிக்குப் பெருமை தாங்கவில்லை. "பின்ன? நீங்க வர்றீங்கனு போன வாரம்தான் யூரியா வீசினேன் சார்!"

அதிகாரி ஃபைலை மூடிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். நான் விவசாயியைக் கண்டபடி திட்டினேன்.

"இன்னா நைனா, உனக்குப் பணம் வரணும்னுதானே செஞ்சேன்?"

வெளிறிய பயிருக்கு எந்த அதிகாரியும் பணம் தரமாட்டான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. படித்த எனக்குத்தான் தெரியவில்லை.