எந்தக் காலுக்கு எந்த வண்டி

கள்ளக்குறிச்சியில் வண்டி ஓட்டத் தெரியாதவனுக்குத்தான் வண்டியைப் பற்றி வாய் அதிகம். எண்பத்தெட்டாம் வருஷம் மாசி மாதம், சாதுல்லா பாயின் புளி மண்டி வாசலில் ஒரு புல்லட்டும் ஒரு யெஸ்டியுமாக இரண்டு மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன. அன்றிலிருந்து டீ குடிக்க வந்தவன், மூட்டை இறக்க வந்தவன், வழி கேட்க வந்தவன் எல்லோரும் தீர்ப்புச் சொன்னார்கள். புல்லட்தான் கம்பீரம், மலைக்கு அதுதான் இழுக்கும் என்று ஒரு கட்சி. யெஸ்டிதான் லேசு, எங்கே நின்றாலும் ஒரே உதையில் கிளம்பும் என்று இன்னொரு கட்சி. எனக்கும் ஓட்டத் தெரியாது. அதனால் நானும் சொன்னேன், புல்லட் என்று.

வண்டிகள் வந்தது தெய்வசிகாமணிக்காக. எலவனாசூர்கோட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பம். குத்தகை நிலம் கைவிட்டுப் போனதும் பெண்டாட்டி மணிமொழியையும் மகள் அபிநயாவையும் கூட்டிக்கொண்டு வந்து பாயிடம் வேலைக்குச் சேர்ந்தவன். கல்வராயன் மலையில் ஊர் ஊராகப் போய்ப் புளியமரங்களை விலை பேசி முடிப்பதும், உலுக்கிய புளியை வாங்கி மண்டிக்கு அனுப்புவதும் அவன் வேலை. நான் மண்டியின் தராசுக்காரன், கொளஞ்சியப்பன். தராசையும் எடைக்கற்களையும் சாக்கில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, அவன் முதுகைப் பார்த்தே பல வருஷம் மலை ஏறி இறங்கியவன். அந்த முதுகை நம்பி வளைவுகளில்கூடத் தூங்கியிருக்கிறேன். அவனுக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் அதைவிட நீளம். ஆனால் பேசின மரத்தை மாற்றிப் பேச மாட்டான் என்று மலையில் நல்ல பெயர் இருந்தது. அந்தப் பெயரில்தான் மண்டியே ஓடியது.

எண்பத்தேழு செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. எங்கள் பக்கம் பஸ் லாரி எதுவும் ஓடவில்லை. உளுந்தூர்பேட்டை ரோட்டில் மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். சிகாமணி முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தான்.

"அபிநயா டீச்சருக்குப் படிக்கணும்ன்றா. நாம கேக்காம யாரு சீட்டு குடுப்பான்?" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனான்.

வெட்டிப் போட்டதில் பாதி நல்ல காய்ப்புள்ள புளியமரம் என்று அவனுக்கு வருத்தம் வேறு. அப்புறம் தடியடி நடந்தது. வலது முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு அடி. சாலையோரம் அவன் விட்டிருந்த மண்டியின் பழைய வண்டியை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

முறிந்த எலும்பு சேர்ந்துவிட்டது. பொங்கலுக்கு முன்பே நடமாடத் தொடங்கினான், காலை லேசாக வீசி வீசி. கேட்டவர்களிடம் எல்லாம் "வீக்கம்தான், சரியாப் பூடும்" என்றான். பாயும் அவனை விட்டுவிடவில்லை. சவுதிக்குப் போன தன் தம்பியின் யெஸ்டியையும், யாரோ கான்ட்ராக்டரிடம் வாங்கிய புல்லட்டையும் கொண்டுவந்து நிறுத்தினார்.

"ரெண்டுல எது உனுக்குத் தோதோ எடுத்துக்கோப்பா. இன்னொன்ன தள்ளிவுட்டுடறேன். ஆனா சீக்கிரம் சொல்லு. நீ போவலேன்னா வேற மண்டிக்காரன் போயி மரத்தப் பேசிடுவான். அப்புறம் நானும் வேற ஆளத்தான் பாக்கணும்."

பாய் மிரட்டவில்லை. சீசன் யாருக்காகவும் நிற்காது, அவ்வளவுதான். ஆனால் சிகாமணியின் முகம் கறுத்துப் போனதை நான் பார்த்தேன்.

அதிலிருந்து அவன் இரண்டு வண்டிகளையும் விட்டு நகரவில்லை. இதில் உட்காருவான், இறங்குவான், அதில் உட்காருவான். வலது காலைக் கையால் தூக்கி வைத்துவிட்டு யோசிப்பான். "பொண்ணு பாக்க வந்தவன்கூட இவ்ளோ நேரம் பாக்க மாட்டான்" என்று மூட்டை தூக்குகிறவர்கள் கிண்டல் செய்தார்கள். எனக்கே எரிச்சலாக இருந்தது. தினம் ஓட்டப்போகிற வண்டிக்கு இத்தனை ஆராய்ச்சியா?

ஒரு மத்தியானம் மணிமொழி மண்டிக்கு வந்து என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அவருக்குக் கால்லேர்ந்து செருப்பு கழண்டு வுழுந்தாக்கூடத் தெரியலண்ணே. நேத்து ஒத்த செருப்போட வூட்டுக்கு வந்து நிக்கறாரு. இன்னா இதுன்னு கேட்டா என்னியே மொறைக்கறாரு."

"ரொம்ப வலிக்குதாம்மா?"

"வலிச்சாத்தான் தேவலியே! கால்ல ஒன்னுமே தெரியல அவருக்கு. நுனிக்கால் எழும்பவே மாட்டேங்குது. பாய்கிட்ட சொல்லிடாதீங்கண்ணே, வேல பூடும். ஆனா அவர வண்டில மட்டும் ஏத்தாதீங்க."

இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது என்று அவளுக்கும் தெரியும். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்போதுதான் அவன் எதை யோசித்துக்கொண்டிருக்கிறான் என்பது எனக்கு உறைத்தது. புல்லட்டில் உதைக்கிற கம்பியும் கியரும் வலது பக்கம், கால் பிரேக் இடது பக்கம். யெஸ்டியில் நேர்மாறு. உதைக்கிறதும் கியரும் இடது பக்கம், இரண்டுக்கும் ஒரே கம்பிதான். பிரேக் வலது பக்கம். புல்லட் எடுத்தால் நல்ல காலால் நிறுத்தலாம், ஆனால் கிளப்ப முடியாது. உதைக்க ஒருவனைக் கூட வைத்துக்கொண்டாலும் கியரைக் குறைக்க நுனிக்காலால் கம்பியைத் தூக்க வேண்டுமே, அது எழும்பாத கால். யெஸ்டி எடுத்தால் கிளப்பலாம், கியர் போடலாம். நிறுத்துவது மட்டும் அந்தச் செத்த காலின் பொறுப்பு. கை பிரேக் இருக்கிறதே என்பீர்கள். மலை இறக்கத்தில் ஜல்லி பெயர்ந்த ரோட்டில் அதை மட்டும் பிடித்தால் முன்சக்கரம் வாரிவிடும். ஊர் கம்பீரத்தையும் மைலேஜையும் பேசிக்கொண்டிருந்தபோது அவன் இத்தனையையும் தனியாகச் சுமந்துகொண்டிருந்தான். எனக்குப் பயமாகவும் இருந்தது. பின்னால் உட்காரப் போகிறவன் நான் அல்லவா?

மறுநாள் அவன் புல்லட்டைத்தான் முதலில் எடுத்தான். நிறுத்த முடிகிற வண்டி. புத்தி சரியாகத்தான் வேலை செய்தது, கால்தான் செய்யவில்லை. அரை பலத்தில் உதைத்தால் கம்பி திருப்பி அடிக்கும். அடித்தது. கால் மடங்கிச் சுவரில் சாய்ந்தான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்கச் சகிக்கவில்லை. பிறகு யெஸ்டியில் ஏறி இடது காலால் ஒரே உதை. படபடவென்று கிளம்பியது.

"அப்ப யெஸ்டிதான்," என்றார் பாய் சந்தோஷமாக. "கொளஞ்சி, தராச எடு. இன்னிக்கே போயிட்டு வந்துடுங்க."

"வேணாம்டா சிகாமணி," என்றேன் அவன் காதருகே.

"பயமாயிருந்தா வூட்டுக்குப் போ. நான் தனியாப் போய்க்கறேன்."

தனியாக விட மனம் வரவில்லை. திட்டிக்கொண்டே ஏறினேன்.

கச்சிராயப்பாளையம் தாண்டி மலை ஏறி முடிக்கும்வரை ஒரு குறையும் இல்லை. ஏற்றத்தில் பிரேக்குக்கு என்ன வேலை? பழைய சிகாமணியாக வாய் ஓயாமல் பேசிக்கொண்டே ஓட்டினான். வெள்ளிமலைப் பக்கம் போனதும் மலை ஜனங்கள் சூழ்ந்துகொண்டார்கள். இத்தனை நாள் எங்கே போனாய், வேறு ஆட்கள் வந்து கேட்டும் உனக்காக நிறுத்தி வைத்திருக்கிறோம் என்றார்கள். மரங்களைப் பேசி முடித்தோம். அவன் முகத்தில் அன்றைக்கு இருந்த களையைப் பார்த்து, நான்தான் வீணாகப் பயந்தேனோ என்றுகூட நினைத்தேன்.

இறக்கத்தில் அவன் பேச்சு நின்றது. ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் ஒரு பெண் பிள்ளை தலையில் சுள்ளிக்கட்டோடு நடுரோட்டில் நடந்து போனாள். பள்ளிக்கூடப் பாவாடை. அபிநயா வயசுதான் இருக்கும். சிகாமணி ஹாரன் அடித்தான். வண்டியின் வேகம் குறையவில்லை. நான் குனிந்து பார்த்தேன். அவன் தொடை விறைக்க வலது காலை அழுத்திக்கொண்டிருந்தான். ஆனால் அழுத்தியது பிரேக்கை அல்ல. பக்கத்தில் கால் வைக்கிற கட்டையை.

"காலு! பிரேக்குல இல்லடா உன் காலு!"

கை பிரேக்கைப் பிடித்தான். முன்சக்கரம் ஜல்லியில் வாரி, வண்டியோடு மண்மேட்டில் போய் விழுந்தோம். அந்தப் பிள்ளை சுள்ளிக்கட்டைப் போட்டுவிட்டு ஓரமாகப் பாய்ந்திருந்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சிகாமணி எழுந்து நொண்டிக்கொண்டே போய், சிதறிய சுள்ளிகளைப் பொறுக்கிக் கட்டி அவள் தலையில் தூக்கிவிட்டான். அவள்தான் சொன்னாள்.

"உங்க கால்ல ரத்தம் வருதுங்க."

கட்டைவிரல் நகம் பாதி பிய்ந்து தொங்கியது. அவன் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

அவள் போனதும் அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

"ரோட்ல போயி உக்காந்தது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன் கொளஞ்சி. நாளைக்குக் கூப்புட்டாலும் போவேன். ஆனா இந்தக் காலு பூடுச்சுன்னு வாயால சொல்ல முடியலடா. சொல்லிட்டா அப்புறம் நான் யாரு?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் நன்றாகவே திட்டினேன். "அந்தப் புள்ள செத்திருந்தா நீ யாருடா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு எனக்கும் அழுகை வந்துவிட்டது.

வண்டியை இருவருமாகப் பிடித்துத் தள்ளிக்கொண்டே மலை இறங்கினோம். அடிவாரத்தில் ஒரு டிராக்டர்காரன் வண்டியையும் எங்களையும் ஏற்றிக்கொண்டான். மண்டிக்கு வந்தபோது பாய் கடையை மூடிக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா, வண்டி எப்டி?"

பஞ்சர் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் சிகாமணி சாவியை அவர் முன்னால் வைத்தான்.

"வண்டி நல்ல வண்டிங்க பாய். என் காலுதான் செத்துப்போச்சு. அடிபட்ட அன்னிலேர்ந்தே இப்டித்தான், நான் சொல்லல. மரம்லாம் பேசி முடிச்சிட்டேன். இனிமே வேற ஆள அனுப்பிக்குங்க."

பாய் குனிந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"நீ தராசுல உக்காருப்பா. மலையில ஊரு, மரம், ஆளுங்க எல்லாம் கொளஞ்சிக்கும் பழக்கம். அவன் வண்டி கத்துக்கட்டும்."

அவர் நல்லதுதான் செய்தார். வீட்டில் உலை வைக்க வழி பிறந்தது என்று மணிமொழி கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்குத்தான் ஒருவன் உயிராய் நினைத்த வேலையைப் பிடுங்கிக்கொண்டவன் போல இருந்தது.

மறுநாள் காலை அவன் எனக்கு முன்பே வந்து என் இடத்தில் உட்கார்ந்திருந்தான். காலில் கட்டுப் போட்டிருந்தது. இரண்டு வண்டிகளும் இன்னும் வாசலில் நின்றன. கொளஞ்சி எதைக் கேட்கிறானோ அதை வைத்துக்கொண்டு மற்றதை விற்றுவிடலாம் என்று பாய் அவனிடம் சொல்லியிருந்தார் போலிருக்கிறது.

"சொல்றா, புல்லட்டா யெஸ்டியா?" என்றான் ஆசையாக. "அவசரப்படாத. நல்லா யோசிச்சுச் சொல்லு. தினம் ஓட்டப் போற வண்டி."

எனக்கு யோசிக்க ஒன்றுமே இல்லை. எனக்கு இரண்டு காலும் நன்றாக இருந்தன. எந்த வண்டியானாலும் எனக்கு ஒன்றுதான். அதை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

"கொஞ்சம் டைம் குடுப்பா," என்றேன். "யோசிக்கணும்."