மோர் கரைக்க வராத வீடு

திருத்தணியில் நாங்கள் குடிவந்து நான்கு வருடமாகிறது. காலை ரயிலில் அரக்கோணம் பள்ளிக்குப் போய்ப் பாடம் நடத்திவிட்டுத் திரும்பினால் உடம்பில் தெம்பே இருக்காது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிறவர்களுக்கு எங்கள் தெருவே கூடி நீர்மோர் கரைத்துக் கொடுக்கும். என்னையும் கூப்பிடுவார்கள். அசதியாக இருக்கிறது என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்வேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று ரயிலிலிருந்து கணவருக்குப் போன் செய்தேன். இன்சுலின் போட்டுக்கொண்டவர் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. பேச்சு குழறியது. போன் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

உதவிக்கு யாரையாவது கூப்பிடலாமென்றால், தெருவில் ஒருவர் நம்பரும் என்னிடம் இல்லை. ஸ்கூட்டர் பழுதுபார்க்கும் தெருமுனை மெக்கானிக் பாயின் நம்பர் மட்டும் இருந்தது. அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"எந்த வீடுங்க? பக்கத்துல யாரு இருக்காங்க?"

பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூட எனக்குத் தெரியவில்லை. அரக்கோணம் போகிற டீச்சர் வீடு எது என்று பாய் கடையில் யாரிடமோ விசாரித்தார். ஒரு பெண்குரல் கேட்டது.

"ஆங், தெரியும் பாய். மோர் கரைக்க வராத வீடு. எனக்குப் பக்கத்துலதான். வாங்க, ஓடலாம்."

அடுத்த ரயிலில் பதறிக்கொண்டு திரும்பினேன். அதற்குள் அந்தப் பெண் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக் கணவரைத் தெளியவைத்திருந்தார். பெயர் லட்சுமியாம்.

இந்த ஆடிக்கு நானும் போனேன். அசதி ஒன்றும் குறைந்துவிடவில்லை. அண்டா மோருக்குப் பச்சை மிளகாய் நறுக்கி இரண்டு நாள் கை எரிந்தது. நேற்று கூரியர்காரர் வழி கேட்டபோது லட்சுமி சொல்வது ஜன்னல் வழியே கேட்டது.

"மொளகா நறுக்குன டீச்சருங்களா? தோ, அந்த வீடுதான்."