மீன்காரி மகளின் முன்கை

மீன் விற்கிறவள் முகத்தை உள்ளங்கையால் துடைக்க மாட்டாள். கையெல்லாம் செதிலும் ரத்தமுமாக இருக்கும். வேர்வை கண்ணில் இறங்கினால் முன்கையை மடக்கி நெற்றியில் ஓர் இழுப்பு, அவ்வளவுதான். கடலூர் துறைமுகத்து மார்க்கெட்டில் நாங்கள் எல்லாருமே அப்படித்தான். என் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்த என் மகளும் அப்படித்தான். நர்ஸ் படித்து, ஆப்பிரிக்காவில் எபோலா வார்டுக்கு வேலைக்குப் போன பிறகும் அந்தப் பழக்கம் அவளை விடவில்லை.

அங்கே தலை முதல் கால் வரை மூடிய உடுப்போடுதான் நோயாளியிடம் போக வேண்டும். போட்டிருக்கும்போது பயமில்லையாம், கழற்றும்போதுதான் ஆபத்தாம். நோயாளியின் வாந்தியும் ரத்தமும் உடுப்பின் மேல்தானே இருக்கும்? கையில் மருந்துத் தண்ணீர் ஊற்றி ஊற்றி, ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். ஒருநாள் கண்ணாடியைக் கழற்றியதும் வேர்வை கண்ணுக்குள் வழிந்தது. உடுப்பின் கை இன்னும் உடம்பில் இருந்தது. மீன்காரி மகள் முன்கையால் ஓர் இழுப்பு இழுத்துவிட்டாள்.

சில நாளில் காய்ச்சல். பிறகு வாந்தி, பேதி. அவள் வேலை பார்த்த வார்டிலேயே அவளைப் படுக்க வைத்தார்கள். போன் வீடியோவில் பார்த்தேன். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. உடம்பில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் பாதி வைத்தியமாம், கிருமியோடு சண்டை போட ஒரு மருந்தும் ஏற்றினார்களாம்.

"எல்லாம் உன் பழக்கந்தாம்மா" என்று அந்த நிலையிலும் சிரித்தாள்.

"ஆமாண்டி. அந்தக் கைதான் உன்னப் படிக்க வெச்சுது. எழுந்து வா" என்றேன்.

எழுந்து வந்தாள். ரத்தத்தில் கிருமி இல்லை என்று பார்த்த பிறகுதான் அனுப்பினார்கள். தொட்டால் ஒட்டாது என்று இங்கேயும் டாக்டர் சொன்னார். தம்பி வீட்டில் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை என்பது அவன் மகள் கல்யாணத்தில் தெரிந்தது.

சிதம்பரத்தில் மண்டபம். பெண்ணுக்கு முதல் நலங்கை அத்தை மகள் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். கன்னத்திலும் கையிலும் சந்தனம் பூச வேண்டும். என் மகள் பட்டுப் புடவையில் தயாராக நின்றாள். தம்பி பெண்டாட்டி என்னை ஓரமாக இழுத்தாள்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. மாப்ள வூட்டுக்காரங்க ஒரு மாதிரி பாக்குறாங்க. நலங்கு வேற யாராச்சும் வெக்கட்டும்."

"டாக்டர் சொன்னது உனக்குப் பத்தலியா?"

"டாக்டரா வந்து பொண்ணு எடுக்குறாரு?"

அது என் மகள் காதில் விழுந்தது. "வுடும்மா" என்று சுவரோரம் உட்காரப் போனாள். சாவோடு மல்லுக்கட்டி வந்தவள் ஒரு சந்தனக் கிண்ணத்துக்கு முன்னால் பின்வாங்கினாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பெண் இன்னும் வரவில்லை. மணை காலியாக இருந்தது. போய் அதில் உட்கார்ந்தேன். புருஷன் போன கிழவி மணையில் உட்கார்ந்ததும் மண்டபமே என் பக்கம் திரும்பியது.

"வாடி. மொதல்ல எனக்கு வை."

தயங்கித் தயங்கி வந்து கன்னத்தில் தொட்டும் தொடாமலும் வைத்தாள்.

"நல்லாப் பூசு. சந்தனம் ஜாஸ்தியாத்தான் இருக்கு."

"பாரு, கெழவிக்கு ரெண்டாங் கல்யாணம்" என்றாள் ஒருத்தி.

"மாப்ள பாத்து வெச்சிருக்கியா?" என்றேன்.

சிரிப்புச் சத்தம் கேட்டுப் பெண் வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள், என் மகள் கையைப் பார்த்தாள்.

"அத்தே, எழுந்திரு. அது என் எடம்."

எழுந்தேன். அவள் உட்கார்ந்து, தன் அம்மா பக்கம் திரும்பாமலே, என் மகளிடம் கன்னத்தை நீட்டினாள். என் மகள் இரண்டு கையிலும் சந்தனத்தை அள்ளிப் பூசினாள். மண்டபத்தில் புழுக்கம். வேர்வை அவள் கண்ணில் இறங்கியது. முன்கையை மடக்கி நெற்றியில் ஓர் இழுப்பு.

தம்பி பெண்டாட்டி அதைப் பார்த்தாள். பார்க்கட்டும்.