கல்யாணக் காடிக்கு வைத்த மூக்கு

போன மாதம் தெங்கேராவில் ஒரு இரும்புக் கடைக்குப் போனேன். மூன்று அங்குல பிவிசி பைப் ஒரு மீட்டர், இரண்டு எல்போ, நான்கு கிளிப். கடைக்காரச் சீனர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆண்டி, தண்டாஸ் சும்பாட்கா?" என்றார். வீட்டில் கழிவறை அடைத்துக்கொண்டதா என்று விசாரிக்கிறாராம்.

"இல்லை, காருக்கு" என்று மலாயில் சொன்னேன்.

மனிதர் பைப்பைத் தாளில் சுற்றி, கொஞ்சம் எட்ட நின்றே நீட்டினார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? பள்ளிக்கூட ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி, கழிவறைப் பைப்பை வாங்கிக் காருக்குப் போடப் போகிறேன் என்றால் யார்தான் கிட்ட வருவார்கள்? ஆனால் எனக்கு வேறு வழி இல்லை. என் மானம் அந்த ஒரு மீட்டர் பைப்பில்தான் இருந்தது.

விஷயம் இதுதான். என் தம்பி மணியத்தின் மகள் தர்ஷினிக்குக் கல்யாணம். அவர்கள் வீடு சுங்கை ரம்பாயில். மண்டபம் மலாக்கா டவுனில். முக்கால் மணி நேர ஓட்டம். மாப்பிள்ளை வீட்டார் பெரிய பெரிய கார்களில் வருகிறவர்கள். அதனால் பெண்ணை அழைத்துப் போக நீளமான வெள்ளைக் கார் ஒன்றை வாடகைக்குப் பேசிக்கொண்டிருந்தான் மணியம்.

அப்போது தர்ஷினி சொன்னாள் — "நான் அத்த காடியிலதான் போவேன்."

அத்தை என்றால் நான்தான். அத்தை காடி என்றால் என் பழைய கார்... வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு அதைப் பற்றித் தெரியும். பச்சை நிறம். வயது இருபத்தாறு; தர்ஷினியைவிட ஒரு வயது மூப்பு. அவள் செங் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலை வேலைக்குச் சேர்ந்து என் வீட்டில் தங்கியிருந்த மூன்று வருடமும், காலை ஷிஃப்டுக்கு அந்தக் காரில்தான் கொண்டுபோய் விட்டேன். அதில் அவள் நாசி லெமாக் சாப்பிட்டிருக்கிறாள், தூங்கியிருக்கிறாள், சூப்பர்வைசரைத் திட்டியிருக்கிறாள். இப்போதைய மாப்பிள்ளையோடு போனில் சண்டை போட்டு அழுததும் அந்த முன் சீட்டில்தான். வாடகைக் காருக்கு இதெல்லாம் தெரியுமா?

மணியத்துக்கு இந்த உணர்ச்சியெல்லாம் பிடிபடாது.

"அக்கா, ஒங்க காடி ஏர்கோன் போட்டா மேடு ஏறாது. மேடு ஏறணும்னா ஏர்கோன அடைக்கணும். புள்ளைக்கு மேக்கப் போட்டு அதுல ஒக்கார வெச்சா, மண்டபத்துல எறங்குறப்ப மொகம் இருக்குமா லா?"

அவன் சொன்னது அத்தனையும் உண்மை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது.

கடைசியில் ஒரு பரீட்சை வைத்தான். "நாலு பேர ஏத்திக்கிட்டு, ஏர்கோன ஃபுல்லா போட்டுக்கிட்டு, டவுன் ஃப்ளைஓவர் ஏறிக் காட்டுங்க. ஏறிட்டா ஒங்க காடி. இல்லாட்டி வாடகைக் காடி. பேச்சே கெடையாது."

அந்த நாலு பேரில் அவனும் ஒருவன். எடைக்கணக்கில் அவனே இரண்டு பேர்.

இப்படித்தான் நான் யூடியூபில் போய் விழுந்தேன். இந்தோனேசியாவில் ஒரு பையன் அழகாக விளக்கினான். பழைய கார்களில் எஞ்சின் மூச்சு வாங்குவது பானெட்டுக்கு உள்ளேயே இருக்கும் சூடான காற்றை. வெளிக்காற்றைக் குழாய் வைத்து நேராக ஃபில்டர் பெட்டிக்குக் கொண்டுவந்துவிட்டால், குளிர்ந்த காற்று, அடர்த்தியான காற்று... எஞ்சினுக்குத் தெம்பு வரும். அடுப்புப் பக்கத்தில் நின்று மூச்சு வாங்குவதற்கும் வாசலில் நின்று வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான். முப்பது வருடம் சமைத்தவளுக்கு இது புரியாதா?

வேலையை ஆரம்பித்தேன். ஃபில்டர் பெட்டியின் வாய் முட்டை வடிவம்; பைப்போ வட்டம். இட்லிப் பானையில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, பைப்பின் முனையை முக்கி, இளகியதும் துணியால் பிடித்து அமுக்கினேன். படிந்தது. வெயிலுக்கு முன் கண்ணாடியில் விரிப்போமே, வெள்ளித்தாள் மாதிரி ஒரு மறைப்பு, அதை வெட்டிப் பைப்பைச் சுற்றினேன், எஞ்சின் சூடு ஏறாமலிருக்க. முன்பக்கக் கிரில்லில் இரண்டு கம்பிகளை ரம்பத்தால் அறுத்து, பைப்பின் வாயை அங்கே நீட்டி வைத்தேன்.

நடுவில் ஓர் இணைப்பு மட்டும் ஒத்துவரவில்லை. அப்போதுதான் பக்கத்து வீட்டு லெட்சுமணன் அண்ணன் வந்தார். லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர்.

ஒரு விஷயம் கவனித்திருக்கிறீர்களா? மூன்று நாள் நான் வீட்டு வாசலில் வடகம் காய வைத்தால் ஓர் ஆண்மகன் எட்டிப் பார்ப்பதில்லை. பானெட்டைத் தூக்கி மூன்று நிமிடம்தான் ஆகியிருக்கும், தாமான் குடியிருப்பே வந்து இடுப்பில் கை வைத்து நிற்கிறது! ஒருவர் கையிலும் ஸ்பேனர் இல்லை. ஆனால் எல்லோரும் "ம்ம்ம்" என்கிறார்கள்.

லெட்சுமணன் அண்ணன் மட்டும் உபயோகமானவர். பழைய லோரி டியூபில் ஒரு துண்டை அறுத்துக் கொடுத்தார். அதை இரண்டு பைப்புக்கும் நடுவில் மாட்டிக் கிளிப்பால் இறுக்கினேன்.

"இருந்தாலும் தங்கச்சி... ஜம்பான் பைப்ப போயி..." என்று இழுத்தார். ஜம்பான் என்றால் கழிவறை.

"புது பைப்புண்ணே. யாரும் இன்னும் உபயோகிக்கல" என்றேன்.

பரீட்சை நாளும் வந்தது. நாலு பேர் ஏறினார்கள். ஏர்கோன் முழு வேகத்தில். ஃப்ளைஓவர் அடியில் காலை அழுத்தினேன். முன்னாலிருந்து 'ஹூம்ம்ம்' என்று ஒரு சத்தம்... கார் ஏறியது! துள்ளிக்கொண்டு ஏறியது என்று எழுத ஆசைதான். ஏறியது, அவ்வளவுதான். பின் சீட்டிலிருந்து மணியம், "சத்தம் மட்டும் ரேஸ் காடி லா" என்றான். அதில் தோல்வியின் வாசனை அடித்தது. நான் அனுபவித்தேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அதே நாளில் ஃபில்டரையும் புதிதாக மாற்றியிருந்தேன். பழையதைக் கழற்றியபோது உள்ளே இலை, தூசி, காய்ந்துபோன ஒரு பல்லி. கார் மேடு ஏறியது பைப்பாலா, பல்லி போனதாலா? அந்த ஆராய்ச்சிக்குள் நான் இறங்கவில்லை.

கல்யாண நாள். விடிந்ததும் சுங்கை ரம்பாயில் காரைக் கழுவி, ரிப்பன் கட்டி, ஆர்க்கிட் வைத்து அலங்காரம் முடிந்தது. சற்றுத் தள்ளி நின்று பார்த்தேன். எல்லாம் அழகு. கிரில்லில் மட்டும், சாம்பல் நிறத்தில், வட்டமாக, அந்தப் பைப் வாய். போட்டோக்காரர் வேறு முன்னால்தான் கேமராவை வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

ஒரு பூச்செண்டு மிஞ்சிக் கிடந்தது. அடியில் பூக்களைக் குத்தி வைக்கிற பச்சைப் பஞ்சு, அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாள், உருண்டையாக. எடுத்தேன். பைப் வாயில் லேசாகச் செருகினேன். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது.

ஆமாம். நானேதான். இரண்டு வாரம் இட்லிப் பானையோடு போராடி எஞ்சினுக்கு ஒரு மூக்கு வைத்தவள், அதே கையால் அந்த மூக்கில் பூவைச் செருகினேன். அந்த நேரத்தில் அது மூக்கு என்பதே என் புத்தியில் இல்லை. போட்டோவில் விழப்போகிற ஓட்டை என்பது மட்டும்தான் இருந்தது. கல்யாணம் என்று வந்துவிட்டால் நமக்கு இப்படித்தான், மூச்சு விடுகிற இடமெல்லாம் பார்த்துப் பூ வைக்கத் தோன்றுகிறது. அன்று தர்ஷினியையே பார்த்திருக்க வேண்டும். கழுத்து வரை நகை, இடுப்பில் ஒட்டியாணம், தலையில் முழம் முழமாய் மல்லிகை. பேசுவதற்கே பாவம் இரண்டு தவணை எடுத்துக்கொண்டாள்.

எட்டு மணிக்குக் கிளம்பினோம். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். முன் சீட்டில் என் பக்கத்தில் தர்ஷினி, பின்னால் அவள் தோழிகள் இருவர். எங்களுக்குப் பின்னால் மணியத்தின் கார், அதற்கும் பின்னால் சொந்தக்காரர்களும் லெட்சுமணன் அண்ணனும் வந்த வேன். சமதரையில் கார் கொஞ்சம் மந்தமாகத்தான் போனது. நகைக் கனம் என்று நினைத்துக்கொண்டேன்.

டவுன் ஃப்ளைஓவர் வந்தது. அழுத்தினேன். 'ஹூம்ம்ம்' வரவில்லை. 'க்ளுக்' என்று ஒரு சத்தம் வந்தது. பாதி மேட்டில் கார் இரண்டு முறை குலுங்கி நின்றுபோனது.

மணி எட்டு ஐம்பது. சாவியைத் திருப்பினால் உயிர் வருகிறது, காலை வைத்தால் போய்விடுகிறது. ஏர்கோன் இல்லை. தர்ஷினியின் நெற்றியில் முதல் வேர்வைத் துளி இறங்கியது. பயந்துபோனேன் என்றே சொல்லிவிடுகிறேன். என் வீம்புக்காக இந்தப் பிள்ளையின் முகூர்த்தத்தைக் கெடுத்துவிட்டேனே என்று சாவியைத் திரும்பத் திரும்பத் திருப்பினேன்.

மணியம் ஓடி வந்தான். "நான் அப்பவே சொன்னேன்ல! எறங்கு தர்ஷினி, அப்பா காடியில ஏறு!"

"அஞ்சு நிமிஷம் பாருங்கப்பா. அத்த பாத்துக்குவாங்க" என்றாள் அவள். இறங்கவில்லை.

அந்த நம்பிக்கைதான் என்னை இன்னும் கலக்கியது. பானெட்டைத் தூக்கினேன். அவ்வளவுதான், வேனிலிருந்த வேட்டிகள் எல்லாம் இறங்கி வந்து இடுப்பில் கை வைத்துவிட்டன.

"பேட்டரிதான்" என்று ஒரு குரல். "பிளக்கு" என்று இன்னொன்று. லெட்சுமணன் அண்ணன் கையில் கிடைத்த கல்லால் பேட்டரி முனையைத் தட்ட ஆரம்பித்தார். மணியம், "கண்ணு பட்டுருச்சு, வேற ஒன்னும் இல்ல" என்று வேட்டி மடிப்பிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்தான். கல்யாண வீட்டுக்காரன் மடியில் அது எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்.

நான் மட்டும் லோரி டியூபைப் பார்த்தேன். உருண்டையாக இருக்க வேண்டியது, உள்பக்கமாக உறிஞ்சப்பட்டு அப்பளம்போல் ஒட்டிக் கிடந்தது. இழுக்கிறது... காற்று வரவில்லை. எங்கே அடைப்பு? 

சட்டென்று உறைத்தது. பூச்செண்டு! மேட்டில் அழுத்தியதும் எஞ்சின் அதை ஆழமாக உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டது. முகம் சூடேறிப் போனது எனக்கு.

"சரி, பானெட்ட மூடுங்க" என்றேன். "எலுமிச்சம்பழம் வெச்சுப் பாப்போம்."

மணியத்துக்கு முகமெல்லாம் பெருமை. எல்லோரும் முன் டயரைச் சுற்றிக் குனிந்தார்கள். அந்த நேரத்தில் நான் அலங்காரத்தைச் சரிசெய்கிறவள்போல் கிரில் பக்கம் போனேன். இழுத்தேன். வரவில்லை. புடவையைத் தூக்கிச் செருகி, ஒரு காலைப் பம்பரில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். 'பொளக்'கென்று வந்தது. உதறி, இதழ்களை நீவிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் ஜன்னல் வழியாகத் தர்ஷினியிடம் நீட்டினேன். "இந்தாம்மா, கையில வெச்சுக்க. போட்டோவுக்கு நல்லா இருக்கும்."

சாவியைத் திருப்பினேன். 'ஹூம்ம்ம்!' எலுமிச்சம்பழம் நசுங்கியது.

ஒன்பது இருபதுக்கு மண்டபம். மணப்பெண் முகம் கலையாமல் இறங்கினாள். பத்து மணிக்குள் தாலி ஏறியது. அது போதும் எனக்கு என்றுதான் இருக்க வேண்டும், இல்லையா?

சாப்பாட்டுப் பந்தியில் மணியம் வாழை இலைக்கு வாழை இலை போய்ச் சொல்லிக்கொண்டிருந்தான். "எலுமிச்சம்பழம் மட்டும் இல்லேன்னா இன்னைக்கு என்னா ஆயிருக்கும் தெரியுமா லா?" அடுத்த வரிசையில் லெட்சுமணன் அண்ணன், தான் தட்டிய தட்டில்தான் பேட்டரி விழித்துக்கொண்டது என்றார். கண்டுபிடித்தது நான்தான் என்று கத்த எனக்கு நாக்கு துடித்தது. ஆனால் கண்டுபிடித்தது நான் என்றால், அடைத்ததும் நான் என்று சேர்த்துச் சொல்ல வேண்டுமே! பேசாமல் பாயசத்தைக் குடித்தேன்.

போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கல்யாணப் போட்டோக்கள் வந்தன. எந்தப் போட்டோவைத் திறந்தாலும் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் அந்தப் பூச்செண்டு. அடிப்பக்கம் மூன்று அங்குலத்துக்குக் கச்சிதமான வட்டம். மணியம் உடனே எழுதினான்: "பூச்செண்டு ரொம்ப அழகு லா. யாரு செலக்‌ஷன்?"

அடுத்த நொடியே தர்ஷினியிடமிருந்து எனக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி.

"அத்த, நான் முன் சீட்டுலதான ஒக்காந்திருந்தேன்? பம்பர்ல கால வெச்சு இழுத்தீங்களே, எல்லாத்தையும் பாத்தேன். அப்பாகிட்ட சொல்லிடவா? இல்ல, ஞாயித்துக்கெழம எங்க வீட்டு விருந்துக்கு நண்டு வாங்கித் தர்றீங்களா? பெரிய நண்டு. பத்துப் பேருக்கு."

மறுநாள் காலை மீன் பாசாருக்குப் போய் நண்டு விலையைக் கேட்டேன். கேட்டுவிட்டு நேராக வீட்டுக்கு வந்து, எல்லாவற்றையும் நானே இந்தப் பத்தியில் எழுதிவிட்டேன்.