ஜாதகத்தில் இல்லாத தண்ணீர்

இந்த ஊரில் தண்ணீருக்குள் இறங்கும் முன் குளிக்க வேண்டும். மலேசியாவில் ரெம்பாவ் பக்கத்து எஸ்டேட்டில் கணவருக்கு எண்ணெய் ஆலை வேலை கிடைத்து, நாங்கள் இங்கே வந்து இரண்டு வருடங்களாகியும் இது எனக்குப் பழகவில்லை. நீச்சல் குளத்து வாசலில் ஒரு குழாய். அதன் கீழ் நின்று நனைந்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். நம் ஊரில் குளிக்கத்தான் தண்ணீரில் இறங்குவோம், அழுக்கை அங்கேயே விட்டுவிட்டு ஏறுவோம். ஆறு வயது மகள் யாழினியை அந்தக் குழாயடியில் நிறுத்தும்போதெல்லாம், கழுவ முடியாத எதையோ நான் உள்ளே கொண்டுபோகிறேனோ என்று தோன்றும்.

மணப்பாறைக்குத் தெற்கே எங்கள் தோட்டத்தில் ஒரு கிணறு. பன்னிரண்டு வயது வரை தண்ணீரில் கண்டம் என்று என் ஜாதகத்தில் எழுதியிருந்ததால், கிணற்று மேட்டுக்குக்கூட என்னை விடமாட்டார்கள். எனக்கு வாளிக் குளியல்தான். அக்கா செல்வியின் ஜாதகத்தில் அப்படி எதுவும் இல்லை. இடுப்பில் காலி எண்ணெய் கேனைக் கட்டிக்கொண்டு ஒரே கோடையில் நீச்சல் பழகினாள். ஏறி வரும்போது உதடு நீலம் பாரித்து, விரல் நுனிகள் சுருங்கியிருக்கும். கண் மட்டும் பளபளக்கும். "உள்ள போனா ஒலகமே அடங்கிருதுடி" என்பாள். அன்று இரண்டு தட்டுச் சோறு தின்பாள். எனக்குப் பத்து வயது, அவளுக்குப் பதின்மூன்று. கேனை அவிழ்த்துவிட்டு இறங்கத் தொடங்கிய சில நாட்களில், ஒரு வைகாசி மதியம், அவள் ஏறி வரவில்லை. "சின்னவளுக்கு வந்தது பெரியவளக் கொண்டுபோயிருச்சு" என்று துக்கத்துக்கு வந்தவர்கள் என் காதுபடப் பேசினார்கள்.

யாழினியின் பள்ளியிலிருந்து நீச்சல் வகுப்புக்கான படிவம் வந்ததும் அம்மாவுக்குப் போன் செய்தேன். "யாழினி ஜாதகத்துல தண்ணிக்கு ஏதாச்சும் போட்டிருக்காம்மா?"

"ஒண்ணுமில்ல. சுத்தமா இருக்கு. நிம்மதியா அனுப்பு" என்றார். அக்காவுக்கும் சுத்தமாகத்தான் இருந்தது.

கண்டம் இருந்தால் காவலும் இருக்கும். கண்டம் இல்லாத பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள்? படிவத்தில் உடல்நலக் குறை என்றிருந்த இடத்தில், 'பன்னிரண்டு வயது வரை தண்ணீரில் ஆபத்து' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். என்னுடையதை அவளுக்கு எழுதிவிட்டேன். படித்தவள்தான் நான். எழுதி, மடித்து, அவள் பையில் வைத்தேன்.

நீச்சல் சொல்லித்தரும் மலாய்க்கார ஆசிரியை அதைப் படித்துவிட்டு, வலிப்பா, எத்தனை முறை வந்திருக்கிறது என்று கேட்டார். "ஒருமுறை. என் அக்காவுக்கு" என்றேன். "குடும்பத்திலேயே இருக்கிறதா?" என்றார் கவலையோடு. தலையாட்டினேன். அதன்பின் மூன்று வாரம் யாழினி ஆழமில்லாத படியிலேயே, ஆரஞ்சு நிற மிதவை மாட்டி, காலை மட்டும் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எங்களைக் காரில் கூட்டிப்போவது எஸ்டேட் ஆபீஸில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருக்கும் லெட்சுமி அக்கா. அவர் மகளும் அதே வகுப்புதான். மூன்றாம் வாரம் திரும்பும் வழியில் யாழினி கேட்டாள்: "அம்மா, எனக்கு என்ன சாக்கிட்?" மலாயில் சாக்கிட் என்றால் நோய். வகுப்புப் பிள்ளைகள் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம்.

"என்னா சாக்கிட்? பிள்ள குதிர மாரி ஓடுது" என்றார் லெட்சுமி அக்கா. பிள்ளைகள் இறங்கி ஓடியதும் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டார்.

"ஒன் பயத்துக்கு பிள்ள பேர எழுதி வெச்சிருக்க லா. போயி அந்த வரிய அடிச்சிட்டு வா."

"ஏதாச்சும் ஆயிட்டா, அக்கா?"

"ஆவாதுன்னு நான் சொல்ல மாட்டேன். நீயும் எறங்கு. கரையில நின்னா கத்தத்தான் முடியும்."

அடுத்த வாரம் அந்த வரியை அடித்தேன். "குணமாகிவிட்டதா?" என்றார் ஆசிரியை. பிள்ளைக்கு ஒன்றுமில்லை, எனக்குத்தான் என்றேன். அவர் யாழினியின் மிதவையைக் கழற்றி, மரியாதையாக என்னிடம் நீட்டினார்.

குழாயடியில் நனைந்துவிட்டு நானும் இறங்கினேன். மார்பு வரை தண்ணீர் வந்ததும் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஆசிரியை பின்னந்தலையில் உள்ளங்கையைக் கொடுத்து மெல்ல என்னைச் சாய்த்தார். காதுகள் மூழ்கின. பிள்ளைகளின் கூச்சல் சட்டென்று அறுந்தது. என் மூச்சு மட்டும் கேட்டது. பத்து வயதிலிருந்து தோள்களைத் தூக்கி வைத்திருந்திருக்கிறேன் என்பது அவை இறங்கியபோதுதான் தெரிந்தது. உள்ளே போனால் உலகமே அடங்கிவிடும் என்றாளே அக்கா, உண்மைதான்.

அப்போது கீழிருந்து டக், டக் என்று ஒரு சத்தம். கயிற்றில் கோத்த மிதவைகள் குளத்துச் சுவரில் இடிக்கும் சத்தமாக இருக்கலாம். அக்காவின் காலி கேன் கிணற்றுக் கல்லில் மோதும்போதும், மேட்டுக்குக் கீழே நிற்கும் எனக்கு இப்படித்தான் கேட்கும்.

மேலே மழைக்குக் கறுத்த ரெம்பாவ் வானம். அதை மறைத்துக்கொண்டு யாழினியின் ஈரமான முகம் தலைகீழாக வந்தது. வாய் அசைந்தது, என்னவோ கேட்கிறாள். தலையைத் தூக்கினால் அவள் குரல் கேட்கும். அந்தச் சத்தம் நின்றுவிடும். ஒரு மூச்சு நேரம், கண்ணை மகள் மேல் வைத்தபடி, தூக்காமல் கிடந்தேன்.